பாக்ஸ் ஹில்லின் பின்பக்கம்

லண்டனில் இருக்கும் நம் ஆட்களிடம், ஊருக்குத் தெற்கே சர்ரேயில் இருக்கும் பாக்ஸ் ஹில் மலைக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டால் நிறையப் பேர் ஆமாம் என்பார்கள். மேலே காரை நிறுத்தி, வியூபாயின்ட்டில் குடும்பத்தோடு படம் எடுத்து, கொண்டுபோன புளியோதரையைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டு, அங்கிருக்கும் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பியிருப்பார்கள். அதுவும் நல்ல பொழுதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மலையில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி வியூபாயின்ட்டுக்கு முதுகுப்பக்கம் இருக்கிறது. காரில் போனால் அது கண்ணில் படாது. அடிவாரத்தில் தொடங்கி, ஏறி, பின்பக்கம் இறங்கி, இன்னொரு மேட்டில் ஏறி, ஒரு சின்ன ஊர் வழியாகச் சுற்றி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் அது என்ன மலை என்று புரியும். ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், நின்று நிதானமாகப் போனால் நாலு மணிநேரம். இரண்டு ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், மற்றபடி பத்து வயதுப் பிள்ளை தாராளமாக நடக்கலாம்.

கார் வேண்டாம் என்பது என் கட்சி. வாட்டர்லூவிலிருந்து விம்பிள்டன், எப்ஸம் வழியாக டார்க்கிங் போகும் ரயிலில் ஏறி, டார்க்கிங்குக்கு முந்தின நிறுத்தமான பாக்ஸ் ஹில் அன்ட் வெஸ்ட்ஹம்பிளில் இறங்க வேண்டும். விக்டோரியாவிலிருந்தும் வண்டி உண்டு. 1867 இல் திறந்த ஸ்டேஷன், கூரையில் வண்ண ஓட்டு வேலைப்பாடு, சின்னதாக அழகாக இருக்கும். வெளியே வந்து ஏ24 சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைக் கடந்தால் பர்ஃபர்ட் பாலம். அங்கே நிற்கும் பழைய விடுதியில்தான் கீட்ஸ் 1817 நவம்பரில் தங்கி தன் நீண்ட கவிதை ஒன்றை முடித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை போனால் பக்கத்து வண்டி நிறுத்தத்தில் மோட்டார் பைக் கூட்டம் அலைமோதும். அந்தச் சத்தம் ஆற்றங்கரைப் பாதையில் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்ததும் தேய்ந்துவிடும்.

ஆற்றின் பெயர் மோல். தேம்ஸில் போய்ச் சேரும் ஆறு, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு எதிர்க்கரையில் கலக்கிறது. இந்த இடத்தில் அது சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுவதால் படுகையில் தண்ணீரை உறிஞ்சும் குழிகள் இருக்கின்றன, கடுமையான வறட்சிக் கோடையில் டார்க்கிங்குக்கும் லெதர்ஹெட்டுக்கும் நடுவே ஆறு மேலே தெரியாமல் தரைக்கு அடியில் போய்விடுவதுண்டு. அதைக் கடக்க 17 கல் போட்டு ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பழைய கற்கள் போய்விட, அப்போதைய உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட் தன் சொந்தச் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்தார், 1946 இல் பிரதமர் அட்லி வந்து திறந்துவைத்தார். போர் முடிந்து நாடே ரேஷனில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை நடப்பதற்காக ஆற்றில் கல் போட்டதைத் திறக்க ஒரு பிரதமர் வந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. மழை பெய்து ஆறு ஏறியிருந்தால் கற்கள் மூழ்கியிருக்கும். அப்போது சற்றுத் தள்ளி இருக்கும் நடைபாலத்தில் போங்கள், அதுவும் போரில் இறந்த நடைப்பயணிகளின் நினைவாகக் கட்டியதுதான்.

ஆற்றைத் தாண்டியதும் ஏற்றம். படிக்கட்டு போட்டிருக்கிறார்கள், இருநூற்றைத் தாண்டும், மழைக்குப்பின் வழுக்கும். இந்தச் சரிவில்தான் மலைக்குப் பெயர் கொடுத்த பாக்ஸ் மரங்கள். பூங்காக்களில் வேலியாக இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்தியிருப்பார்களே, சின்னச்சின்னப் பச்சை இலையோடு, அதே செடிதான் இங்கே யார் கத்தரியும் படாமல் மரமாக வளர்ந்து நிற்கிறது. பிரிட்டனில் இது தானாகக் காடாக வளரும் இடங்கள் மிகச் சில, அதில் இது பெரியது. மெதுவாக வளர்வதால் கட்டை அவ்வளவு இறுக்கம், தண்ணீரில் போட்டால் மூழ்கும். அச்சுக்குப் படம் செதுக்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல கட்டை கிடையாது என்பதால் ஒரு காலத்தில் இங்கிருந்து வெட்டி விற்றிருக்கிறார்கள். இப்போது இதற்கு எதிரி கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சி. அதன் புழு இலையை மொட்டையடித்துவிடுகிறது, லண்டன் தோட்டங்களில் பாக்ஸ் வேலிகள் கருகிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டு இந்தச் சரிவில் ஏறினால் கொஞ்சம் வயிறு கலங்கும்.

பாக்ஸ் மரங்களோடு கலந்து நிற்பவை யூ மரங்கள். சிவந்த பட்டை, முறுக்கிய உடல், அடியில் பகலிலும் இருட்டு, அதனால் கீழே ஒன்றும் முளைக்காது. இலை, விதை எல்லாம் விஷம். பிள்ளைகள் அந்தச் சிவப்புப் பழத்தைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்கள் பிடித்திருக்கும் மண்ணைப் பாருங்கள். வெள்ளை. விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் நிறம். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறரை கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இது கடல். கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் சுண்ணாம்பு ஓடுகள் அடியில் படிந்து படிந்து இந்த மலை ஆனது. நடுநடுவே கறுப்பாகக் கண்ணாடிபோல் உடையும் சிக்கிமுக்கிக் கல் கிடக்கும், அதுவும் அந்தக் கடலில் வாழ்ந்த பஞ்சுயிரிகளின் சிலிக்காவிலிருந்து வந்ததுதான். பிறகு தரை வில்லாக மேலே வளைந்தது, வளைவின் உச்சி அரித்துப்போனது, தெற்கிலும் வடக்கிலும் ஓரங்கள் மட்டும் மிஞ்சின. வடக்கு ஓரத்தில்தான் நாம் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

மேலே வியூபாயின்ட். தெற்கே பார்த்தால் கீழே டார்க்கிங் ஊர், வலப்பக்கம் லீத் ஹில், 294 மீட்டர், அது வேறு கல், மணற்பாறை. நேர் எதிரே சமவெளி விரிந்து கிடக்கும், வானம் தெளிவாக இருந்தால் அதற்கும் அப்பால் நீலக் கோடாகத் தெற்கு டவுன்ஸ் என்னும் சுண்ணாம்பு மலைத்தொடர். அந்தக் கோடுதான் நான் சொன்ன வில்லின் இன்னோர் ஓரம். நடுவில் இருந்த மலை மொத்தமும் காணோம். இது தெரிந்த பிறகு நான் அங்கே முன்னைவிட ரொம்ப நேரம் நிற்கிறேன்.

அங்கே ஒரு கல்மேடை இருக்கிறதே, அது லியோபோல்ட் சாலமன்ஸ் என்பவரின் நினைவாக 1920 இல் கட்டியது. 1914 இல் இந்த மலை விற்பனைக்கு வந்தபோது 230 ஏக்கரை அவர் வாங்கி, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார். லண்டனுக்கு இவ்வளவு பக்கத்தில், ரயிலும் வந்துவிட்ட இடத்தில், இப்படி ஒரு மலையை மனைகளாக வெட்டி விற்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பக்கத்துச் சரிவுகளில் வீடுகள் ஏறியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். இப்போது டிரஸ்ட்டின் கையில் சுமார் 1,200 ஏக்கர் இருக்கிறது, உள்ளே நடக்க யாரும் காசு கேட்பதில்லை.

கடையைத் தாண்டினால் 1890களில் கட்டிய ஒரு சின்னக் கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் வந்து லண்டனைப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து தலைநகரைச் சுற்றிக் கட்டிய 13 இல் இது ஒன்று. யாரும் வரவில்லை. இப்போது அதற்குள் வௌவால்கள் இருக்கின்றன, அதனால் உள்ளே விட மாட்டார்கள், வெளியே சுற்றிப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தில்தான் எங்கேயோ பீட்டர் லபீலியர் என்ற மனிதரையும் 1800 இல் தலைகீழாகப் புதைத்திருக்கிறார்கள், அவரே கேட்டுக்கொண்டபடி. ஒருநாள் உலகம் தலைகீழாகும், அன்றைக்குத் தான் நேராக நிற்பேன் என்று அவர் நம்பியதாகச் சொல்கிறார்கள். மேற்குச் சரிவுப் பக்கம் போகும் பாதையோரம் ஒரு கல் நட்டிருக்கிறது.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் திரும்புகிறார்கள். நீங்கள் வடக்கே காட்டுக்குள் போங்கள்.

உச்சியில் சுண்ணாம்புக்கு மேல் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் ஒரு போர்வையாகக் கிடக்கிறது, அதனால் மரங்களும் மாறுகின்றன. பீச், ஓக். பீச் மரம் வழவழப்பான சாம்பல் நிறத்தில் தூண் மாதிரி நேராகப் போகும், அக்டோபர் கடைசியில் இலை செம்பாக மாறும்போது அதற்குள் நடப்பதற்காகவே ஒருமுறை வரலாம். சில இடங்களில் மரங்கள் எல்லாம் ஒரே வயதில் நெருக்கமாக நிற்கும், கீழே பெரிய கட்டைகள் பாசி பிடித்துக் கிடக்கும். 1987 அக்டோபரில் ஒரே இரவில் தென் இங்கிலாந்தில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்த புயல் இங்கேயும் வந்துபோனது. விழுந்த மரங்களில் நிறையவற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள், அதில் வண்டும் காளானும் வாழ்கின்றன.

காட்டுக்கு நடுவில் கூரையில்லாத ஒரு வட்டக் கோபுரம் எதிர்ப்படும், பியானோ செய்த பிராட்வுட் குடும்பத்தைச் சேர்ந்தவர் 1815 வாக்கில் கட்டியது. அதைத் தாண்டிப் பாதை சடாரென்று இறங்கும். முட்டிக்கு வேலை வைக்கும் இறக்கம், கைத்தடி இருந்தால் எடுத்துப் போங்கள். இறங்கிச் சேரும் இடம் ஜூனிபர் பாட்டம் என்னும் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு ஓடியது போலவே அமைப்பு, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மழை அத்தனையையும் சுண்ணாம்பு குடித்துவிடும். பனியுகத்தில் தரை உறைந்து இறுகிக் கிடந்தபோது, உள்ளே இறங்க வழியில்லாத உருகுநீர் மேலே ஓடி வெட்டிய பள்ளம் இது.

இந்தப் பள்ளத்தின் மேல்சரிவு திறந்த புல்வெளி. இதைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

தூரத்திலிருந்து பார்க்க வெறும் புல்தான். மண்டியிட்டுப் பாருங்கள். சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடி வரை இருக்கும் என்பார்கள். மண் அவ்வளவு ஏழை. உரம் இல்லை, ஆழம் இல்லை, ஈரம் நிற்காது. அதனால்தான் எந்த ஒரு செடியும் கொழுத்து மற்றதை அமுக்க முடிவதில்லை, எல்லாம் விரலளவில் அடக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. காட்டு ஓமவல்லி போல மணக்கும் தைம், மார்ஜோரம், ஜூன் மாதத்தில் தேனீ உருவத்தில் பூக்கும் ஆர்க்கிட், கூம்பு வடிவத்தில் இளஞ்சிவப்பு ஆர்க்கிட். ஹார்ஸ்ஷூ வெட்ச் என்று மஞ்சள் பூப் பூக்கும் ஒரு சின்னக் கொடி உண்டு. சாக்ஹில் புளூ, அடோனிஸ் புளூ என்ற இரண்டு நீல வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இதன் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. புழு இனிப்பு நீர் சுரக்கும், எறும்புகள் அதைக் குடித்துவிட்டுப் புழுவுக்குக் காவல் நிற்கும், மண்ணுக்குள் மூடிக்கூட வைக்கும். கொடி குட்டைப் புல்லில், வெயில் படும் சூடான தரையில்தான் வளரும். புல் உயர்ந்தால் தரை குளிர்ந்துவிடும், கொடியும் போகும், எறும்பும் போகும், பூச்சியும் போகும். பிரிட்டனில் இருக்கும் வண்ணத்துப்பூச்சி வகைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த மலையில் பதிவாகியிருக்கிறது.

சரி, புல்லைக் குட்டையாக வைத்திருப்பது யார்? தாராபுரம் பக்கத்திலிருந்து என் தாய்மாமா ஒரு ஜூலை மாதம் வந்திருந்தார், வாழ்நாள் முழுக்க மாடும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தவர். லண்டனில் காட்டிய எதுவும் அவருக்குப் பெரிதாக ஒட்டவில்லை. இந்தச் சரிவில் வந்து நின்றதும் கறுப்பு உடம்பில் நடுவே வெள்ளைப் பட்டை போட்ட மாடுகள் மேய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "பட்டி எங்க கண்ணு, ராத்திரிக்கு எங்க அடைப்பாங்க?" என்றார். அடைக்க மாட்டார்கள் மாமா, இங்கேயே கிடக்கும், பால் மாடில்லை, புல்லை மேய்வதற்காகவே டிரஸ்ட் விட்டிருக்கிறது என்றேன். பெல்டட் காலோவே என்னும் ஸ்காட்லாந்து இனம், முரட்டுப் புல்லும் குளிரும் தாங்கும்.

மாமா குனிந்து ஒரு பிடி புல்லை விலக்கிப் பார்த்தார். "அதான் சரி. மாடு மேயலைன்னா நாலு வருசத்துல முள்ளு ஏறிரும். ரொம்ப விட்டாலும் போச்சு, வேரோட மேஞ்சுரும். எத்தனை உருப்படி, எத்தனை நாள்னு அளவு தெரிஞ்சு மாத்தி மாத்தி விடோணும்."

எங்கள் பக்கம் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடும் அப்படித்தான். கிளுவை வேலி போட்டு நிலத்தைப் பிரித்து, ஒன்றில் மேய்த்து ஒன்றை ஆறவிட்டு, வெள்வேல மரத்து நிழலில் கொழுக்கட்டைப்புல் வளர்த்து, மழை குறைந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக ஓட்டிய கணக்கு. நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு பார்வையில் சொன்னார். இந்தச் சுண்ணாம்பு மேடுகளிலும் பல நூறு ஆண்டுகள் ஆடு மேய்த்துத்தான் புல்வெளி உண்டானது. ஆட்டு மேய்ச்சல் குறைந்தபின் முயல்கள் மேய்ந்துகொண்டிருந்தன, 1953 இல் மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றது, மேட்டையெல்லாம் புதர் மூடியது. மற்ற இடங்களில் ஏர் புகுந்தது, உரம் போட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் சுண்ணாம்புப் புல்வெளியில் 80 விழுக்காடு போய்விட்டது என்று கணக்கிடுகிறார்கள். மிஞ்சியதில் ஒரு துண்டின்மேல்தான் நீங்கள் நிற்கிறீர்கள். குளிர்காலத்தில் போனால் தன்னார்வலர்கள் அரிவாளும் ரம்பமுமாக முள்புதரை வெட்டி எரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மரம் வெட்டுகிறார்களே என்று கோபப்படாதீர்கள். இங்கே வெட்டினால்தான் பூச்சி பிழைக்கும்.

இன்னொரு ஆள் இருக்கிறார். மழை ஓய்ந்த காலையில் பாதையோரம் எலுமிச்சம்பழம் அளவில் வெளிர் நிற ஓட்டோடு நத்தை போனால் அது ரோமன் நத்தை. ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், பொந்து தோண்ட இளகிய மண் வேண்டும், இரண்டும் இங்கே உண்டு. 2008 முதல் இங்கிலாந்தில் இதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கையில் எடுக்க வேண்டாம்.

பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் ஹெட்லி சாலை. கடந்தால் ஒயிட் ஹில் படிக்கட்டு, இதுதான் அன்றைய நாளின் கடுமையான ஏற்றம், ஆற்றங்கரைப் படியைவிட இது எனக்குக் கஷ்டம். மரவேரைப் பிடித்து நின்று நின்று ஏறுங்கள், யாரும் துரத்தவில்லை. ஏறிவிட்டால் மிக்கிள்ஹாம் டவுன்ஸ். ஒரு காலத்தில் பந்தயக் குதிரைகளைப் பழக்கிய நீளமான புல் ஓடுபாதை, இரண்டு பக்கமும் யூ காடு, தரை சமம், காலுக்கு அவ்வளவு சுகம். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க நான் சொல்லும் இடம் இது. கூட்டம் மொத்தமும் வியூபாயின்ட்டில் இருக்கும், இங்கே நாயோடு போகும் ஒருவர் இருவர் தலையசைத்துவிட்டுப் போவார்கள்.

அங்கிருந்து காட்டுக்குள் இறங்கினால் மிக்கிள்ஹாம் ஊர். ஒரு பழைய சர்ச், ஒரு பப், கொஞ்சம் வீடுகள். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த பிரபுக்கள் பக்கத்து ஜூனிபர் ஹாலில் வாடகைக்கு இருந்தார்கள், அவர்களில் ஒருவரான தளபதி தார்ப்ளேயை எழுத்தாளர் ஃபேனி பர்னி 1793 இல் இந்த சர்ச்சில்தான் மணந்தார். அந்த ஜூனிபர் ஹால் இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் தங்கி நிலவியலும் தாவரவியலும் படிக்கும் கள ஆய்வு மையம். உங்கள் பிள்ளையின் பள்ளியும் அங்கே கூட்டிப்போயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஊரிலிருந்து பழைய லண்டன் சாலையோரப் பாதையில் தெற்கே நடந்தால் மறுபடி பர்ஃபர்ட் பாலம். காலில் தெம்பு மிச்சமிருந்தால் இடப்பக்கம் பர்ஃபர்ட் ஸ்பர் என்ற புல்முகட்டில் ஏறிப் பார்க்கலாம், ஆகஸ்டில் நீலப் பூச்சி பார்க்க அதுவும் தோதான இடம். அதற்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து ஏறும் ஜிக்ஜாக் ரோட்டில்தான் 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் சைக்கிள் போட்டி ஒன்பது சுற்றுப் போனது. வார இறுதிகளில் இன்றும் சைக்கிள்காரர்கள் வரிசை கட்டி ஏறுவார்கள், சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள், இறங்கி வருபவர்களின் வேகம் அதிகம்.

எப்போது போவது என்று கேட்டால், ஜூன் ஆர்க்கிடுக்கு, ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை வண்ணத்துப்பூச்சிக்கு, அதுவும் வெயில் அடிக்கும் காலையில். அக்டோபர் கடைசி பீச் இலைக்கு. பிப்ரவரியில் தடம் சேறு, ஈரச் சுண்ணாம்பு சோப்புக் கட்டி போல வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி இல்லாமல் அப்போது வராதீர்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், மேலே கடையைத் தாண்டினால் மிக்கிள்ஹாம் வரை குடிக்க எதுவும் கிடைக்காது. மாடுகள் சாதுவானவை, ஆனால் கன்றோடு நிற்கும் மாட்டுக்கு வழிவிட்டுச் சுற்றிப் போங்கள், நாய் இருந்தால் கயிற்றில் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் ஸ்டேஷனில் குளிரில் காத்திருக்க வேண்டாம்.